விலை போகாத நல்ல ஒலி: எஸ்ஏசிடியும் டிவிடி ஆடியோவும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2003-இல் அமெரிக்காவில் எந்த வடிவத்தில் எத்தனை இசைத்தட்டுகள் கடைகளுக்குப் போயின என்று அந்நாட்டு ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ ஒரு கணக்கு வெளியிட்டது. அதில் நான்கு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிடி 74.6 கோடி. வினைல் எல்பி சுமார் 15 லட்சம். எஸ்ஏசிடி என்ற சூப்பர் ஆடியோ சிடி சுமார் 13 லட்சம். டிவிடி ஆடியோ சுமார் 4 லட்சம்.

கடைசி இரண்டும் அன்றைய தேதிக்கு ஒருவர் வீட்டில் வாங்கிக் கேட்கக்கூடிய மிக உயர்ந்த ஒலித்தரம் கொண்டவை. அவற்றுக்கு மேலே நிற்கும் எல்பியோ, 15 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோனது என்று தொழில் கைகழுவிய பழைய ரெக்கார்டு. சோனி, பிலிப்ஸ், பானாசோனிக், யுனிவர்சல், வார்னர் என்று பெரிய கைகள் எல்லாம் பின்னால் நின்று தள்ளியும், புது வடிவங்களால் அந்தப் பழைய ரெக்கார்டைக்கூடத் தாண்ட முடியவில்லை.

விலை அதிகம், அதனால் விற்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சிடியும் அறிமுகமானபோது விலை அதிகம்தான். அது உலகையே பிடித்தது. ஆகவே விலை எவ்வளவு என்பதோடு, அந்த விலை எதற்கு என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

சிடி கற்றுக்கொடுத்த பாடம்

1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் சோனி தன் முதல் சிடி கருவியான சிடிபி-101-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 1,68,000 யென். மறு ஆண்டு அமெரிக்காவுக்கு வந்தது. ஆர்ஐஏஏவின் பட்டியல் விலைக் கணக்குப்படி 1983-இல் அங்கே போன சிடிகள் சுமார் 8 லட்சம், மதிப்பு 1.72 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு தட்டுக்கு 21 டாலருக்கு மேல். அதே ஆண்டு ஒரு எல்பியின் சராசரி 8 டாலர். அதாவது இரண்டரை மடங்கு.

அப்படியும் விற்றது. 1987-இல் எல்பிக்குக் கொஞ்சம் பின்னால் இருந்த சிடி, 1988-இல் எண்ணிக்கையில் இரண்டு மடங்காகத் தாண்டிப் போனது. அந்த ஆண்டு சராசரி விலை 14 டாலருக்கு இறங்கியிருந்தது. அப்போதும் எல்பியைவிட அதிகம்தான். வீட்டில் ஏற்கெனவே இருந்த ஆல்பத்தையே மக்கள் மறுபடி காசு கொடுத்துச் சிடியாக வாங்கினார்கள். இசை நிறுவனங்களுக்கு அது பொற்காலம். 2000-இல் அமெரிக்காவில் மட்டும் 94 கோடிக்கும் மேற்பட்ட சிடிகள் போயின.

இதிலிருந்து தொழில் ஒரு முடிவுக்கு வந்தது: நல்ல ஒலி கொடுத்தால், மக்கள் கூடுதல் விலை கொடுத்து, வைத்திருக்கும் ஆல்பத்தையே திரும்ப வாங்குவார்கள்.

என் பார்வையில் தவறு தொடங்கிய இடம் இதுதான். சிடி விற்றதற்கு ஒலித்தரமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சராசரி வீட்டில் சிடி என்ன மாற்றியது என்று பாருங்கள். ஊசி தேயாது. கீறல் விழுந்து ‘டக் டக்’ என்று அடிக்காது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டாம். பிடிக்காத பாட்டை ஒரு பொத்தானில் தாண்டலாம். 1984-இல் கையடக்கக் கருவி வந்தது, பிறகு காரில் வந்தது. கேசட்டில் பாட்டைத் தேடி முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! அவர் கொடுத்த கூடுதல் காசில் பெரும்பகுதி அந்த வசதிக்கானது. நிறுவனங்கள் மொத்தத்தையும் ஒலித்தரத்தின் கணக்கில் எழுதிக்கொண்டன.

1999: அதே பாடம், இரண்டாம் முறை

சிடி மீதான காப்புரிமைகள் காலாவதியாகும் காலம் நெருங்கியது. அடுத்த வடிவம் வேண்டும். சோனியும் பிலிப்ஸும் 1999 மே மாதம் சூப்பர் ஆடியோ சிடி, அதாவது எஸ்ஏசிடியை ஜப்பானில் அறிமுகம் செய்தன. சிடி ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து 16 பிட்டில் எழுதும். எஸ்ஏசிடி நொடிக்கு 28 லட்சம் முறைக்கு மேல், ஒவ்வொரு பிட்டாக எழுதும். கேட்பவரைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் வரும் சுற்றொலியும் உண்டு. மறுபக்கம் டிவிடி கூட்டமைப்பு 2000-இல் டிவிடி ஆடியோவைக் கொண்டுவந்தது; ஸ்டீரியோவில் 24 பிட், நொடிக்கு 1,92,000 முறை (192 கிலோஹெர்ட்ஸ்) வரை போகும். அதுவும் முன்பே வந்திருக்க வேண்டியது. டிவிடி படங்களின் நகல் தடுப்புப் பூட்டு 1999 இறுதியில் உடைக்கப்பட்டதால், ஆடியோவின் பூட்டையும் மாற்றியமைக்கத் தள்ளிப்போட்டார்கள்.

சோனியின் முதல் எஸ்ஏசிடி கருவி எஸ்சிடி-1 அமெரிக்காவில் 5,000 டாலர். சரி, முதல் கருவி எப்போதுமே வசதி படைத்தவருக்குத்தான். ஆரம்பத் தட்டுகளும் சிடியைவிட விலை கூடுதலாக இருந்தன. ஆர்ஐஏஏவின் 2003 கணக்கை வகுத்தாலும் எஸ்ஏசிடி ஒன்றுக்கு 20 டாலர் வருகிறது, சிடிக்கு 15. தேவைக்கு மேல் கொடுக்க மனம் உள்ள ஆர்வலரிடம் முதலில் விற்பது, பிறகு மெல்ல விலையைக் குறைத்துக் கீழே வருவது என்பது பழகிய வழி. சிடியும் அப்படித்தான் இறங்கி வந்தது.

இங்கே அந்தப் படிக்கட்டு பாதியில் நின்றுவிட்டது. 2003 வாக்கில் எஸ்ஏசிடியையும் டிவிடி ஆடியோவையும் இரண்டையுமே இயக்கும் கருவி 200 டாலர் அளவில் கிடைத்தது. நான்கு ஆண்டில் கருவி விலை இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிட்டது. தேவை அதற்கேற்ப எழவில்லை. கருவியின் விலை மட்டுமே தடையாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

ஆறு கம்பிகள்

அந்த 200 டாலர் கருவியை வாங்கிவந்தவரின் முதல் மாலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். தட்டு 20 டாலர். சுற்றொலி என்று அட்டையில் போட்டிருக்கிறது. கருவியின் பின்பக்கம் திருப்பினால் டிஜிட்டல் இணைப்புக்கான துளை இருக்கிறது, ஆனால் உயர்தர ஒலி அதன் வழியே முழுத் தரத்தில் வெளியே வராது. நகல் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். பதிலாக முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது, தாழொலி என்று ஆறு தனித்தனி அனலாக் கம்பிகள். ஆம்ப்ளிஃபயரிலும் அதே ஆறு துளைகள் இருக்க வேண்டும். பல வீடுகளில் இருந்த கருவிகளில் அது இல்லை. ஆகவே புது ஆம்ப்ளிஃபயர். பிறகு ஐந்து ஸ்பீக்கர், தாழொலிக்கு ஒன்று.

எல்லாம் மாட்டியாயிற்று. டிவிடி ஆடியோவில் சுற்றொலியா ஸ்டீரியோவா என்று தேர்ந்தெடுக்கத் திரையில் வரும் பட்டியலைப் பார்க்க வேண்டும். பாட்டுக் கேட்க டிவியைப் போட வேண்டும்! மறுநாள் காலை அதே தட்டைக் காரில் போட்டால் ஓடாது. கணினியில் ஏற்ற முடியாது. அலுவலகத்துக்கு எடுத்துப்போகவும் வழியில்லை. எச்டிஎம்ஐ ஒரே கம்பியில் இந்த ஒலிகளைக் கடத்தும் தரநிலைகள் 2004, 2005-இல்தான் வந்தன. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

நானும் ஒருமுறை இந்த ஆறு கம்பிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நடு ஸ்பீக்கரின் கம்பியும் தாழொலிக் கம்பியும் இடம் மாறிப்போய், பாடகர் குரல் தரையடியில் இருந்து உறுமியது. சரிசெய்து கேட்டபோது உண்மையிலேயே அழகாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த அழகுக்கான விலையில், கம்பிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு சாயங்காலத்துக்கும் ஆனது பெரும்பங்கு. தட்டின் 20 டாலர் சிறுபங்கு. பொருளியல் பாடத்தில் இதை நிரப்புப் பண்டங்கள் என்பார்கள்: காருக்குப் பெட்ரோல் மாதிரி, ஒன்றின் விலை மற்றதன் தேவையைத் தீர்மானிக்கும். தட்டுக்கு விலை வைத்தவர்கள் மீதி எல்லாவற்றையும் வாங்குபவர் தலையில் விட்டுவிட்டார்கள்.

சிடி வந்தபோது ஒரு கருவி வாங்கி, இருந்த ஆம்ப்ளிஃபயரிலேயே மாட்டினால் போதும். வேறுபாடு அன்றிரவே, யார் காதுக்கும் தெரிந்தது. எஸ்ஏசிடிக்கும் சிடிக்கும் உள்ள வேறுபாடோ அப்படித் தெரியவில்லை. 2007-இல் மேயரும் மோரனும் ஆடியோ பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரத் தட்டின் ஒலியை நேராகவும், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டிப்போட்டால் வரும் கணக்கு. 2016-இல் ஜோஷுவா ரைஸ் 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் 52.3 சதவீதம் சரி. வேறுபாடு கொஞ்சம் இருக்கிறது என்று அவர் முடிவு சொன்னார். இருக்கட்டும். கண்ணை மூடிச் சொன்னாலே நூற்றுக்கு ஐம்பது வரும் இடத்தில் ஐம்பத்திரண்டு முறை மட்டும் சரியாகப் பிடிபடும் ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலை கேட்டால் பொதுமக்கள் என்ன செய்வார்கள்?

கேட்காமல் கொடுத்தபோது

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் தற்செயலாக ஒரு விலைப் பரிசோதனையே இங்கே நடந்தது.

எஸ்ஏசிடியில் ஹைப்ரிட் என்ற வகை உண்டு. ஒரே தட்டில் இரண்டு அடுக்கு. ஒன்று சாதாரண சிடி, இன்னொன்று உயர்தரம். எந்த சிடி கருவியிலும் ஓடும். ஆனால் சோனியின் ஆரம்பத் தட்டுகள் பல ஒற்றை அடுக்கு. சாதாரணக் கருவியில் ஓடாதவை. 2002 ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன்ஸின் 22 பழைய ஆல்பங்கள் ஹைப்ரிடாக, சிடியின் விலையிலேயே, சிடி அலமாரியிலேயே வந்தன. 2003 மார்ச்சில் பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முப்பதாம் ஆண்டுப் பதிப்பும் ஹைப்ரிடாக வந்தது. எஸ்ஏசிடியிலேயே அதிகம் விற்ற தட்டுகளில் அதுவும் ஒன்று. வாங்கியவர்களில் பலரிடம் எஸ்ஏசிடி கருவியே இல்லை. தாங்கள் வாங்கியது சிடி என்றுதான் நினைத்தார்கள்.

கூடுதல் விலையை எடுத்துவிட்டதும் தட்டு நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது அதிலிருந்த சிடி அடுக்குக்காக. உயர்தர அடுக்கு சவாரி மட்டும் செய்தது. 1999-இலேயே எல்லாத் தட்டும் இப்படி, சிடி விலையில் ஹைப்ரிடாக வந்திருந்தால்? பத்து ஆண்டில் வீடுகளில் கோடிக்கணக்கான எஸ்ஏசிடிகள் சேர்ந்திருக்கும், கருவி வாங்க அதுவே காரணமாகியிருக்கும் என்பது என் கணிப்பு. வடிவம் பரவுவதற்கான விலையும் லாபத்துக்கான விலையும் வேறு வேறு. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்கினார்கள்.

சிடி விலையே ஆட்டம் கண்ட நேரம்

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புது வடிவத்துக்குக் கூடுதல் விலை கேட்ட அதே ஆண்டுகளில், பழைய வடிவத்தின் விலைமீதே மக்களுக்குக் கோபம் ஏறியிருந்தது. 2000-இல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, ஐந்து பெரிய இசை நிறுவனங்கள் கடைகளுக்கு விளம்பரப் பணம் கொடுத்து, குறிப்பிட்ட விலைக்குக் கீழே விளம்பரம் செய்யவிடாமல் தடுத்ததாகச் சொல்லி அந்த ஏற்பாட்டை நிறுத்தவைத்தது. மூன்றாண்டில் மக்கள் 48 கோடி டாலர் வரை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. 2002-இல் மாநிலங்கள் தொடுத்த வழக்கு 6.74 கோடி டாலர் ரொக்கமும், 7.57 கோடி டாலர் மதிப்புள்ள சிடிகளும் என்று சமரசத்தில் முடிந்தது. சிடியிலேயே தன்னை ஏமாற்றினார்கள் என்று நினைப்பவரிடம், அதைவிட ஐந்து டாலர் அதிகம் கொடு என்றால்?

2003 செப்டம்பரில் யுனிவர்சல் எதிர்த்திசையில் போனது. பெரும்பாலான சிடிகளின் பட்டியல் விலையை 18.98 டாலரிலிருந்து 12.98-க்கு இறக்குவதாக அறிவித்தது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் கடைக்குக் கொடுக்கும் விலை 12.02-இலிருந்து 9.09 வரைதான் இறங்கியது. கழித்துப் பாருங்கள்: பட்டியல் விலைக்கு விற்றால் கடைக்கு முன்பு 6.96 டாலர் நின்றது, இப்போது 3.89. கூடவே விளம்பரப் பங்குப் பணத்தையும் வெட்டினார்கள். விலைக்குறைப்பில் பாதிக்கு மேல் கடைக்காரர் தோளில். வாங்குபவர் கைக்கு அது முழுதாகப் போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

99 சென்ட்

பிங்க் ஃபிளாய்ட் தட்டு வந்த ஐந்து வாரத்தில், 2003 ஏப்ரல் 28-ஆம் தேதி, ஆப்பிள் இணையத்தில் பாட்டு விற்கும் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். ஒலித்தரம் நொடிக்கு 128 கிலோபிட். சிடியில் பதினொன்றில் ஒரு பங்கு தரவு. எஸ்ஏசிடி போன பாதைக்கு நேர் எதிர். முதல் வாரத்தில் 10 லட்சம் பாட்டுகள் விற்றன.

தரம் குறைந்த ஒன்றுக்கு மக்கள் ஓடினார்கள் என்று அப்போது பல ஆடியோ ஆர்வலர்கள் நொந்துகொண்டார்கள். எனக்கு அந்த வருத்தம் புரிகிறது, ஆனால் அதில் ஒரு விஷயம் விடுபடுகிறது. அந்த 99 சென்ட்டில் வேண்டிய ஒரே பாட்டை மட்டும் வாங்கலாம், உடனே கேட்கலாம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். 1983-இல் சிடி கொடுத்த அதே வகை விடுதலைதான் இது.

ஆப்பிளும் அந்தப் பழைய பாடத்தை ஒருமுறை முயன்று பார்த்தது. 2007 மே மாதம் ஈஎம்ஐ என்ற இசை நிறுவனத்தின் பாடல்களை நகல் தடுப்புப் பூட்டு இல்லாமல், இரட்டைத் தரத்தில், 1.29 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அக்டோபரிலேயே அந்த முப்பது சென்ட் கூடுதல் போய், 99-க்குத் திரும்பியது. 2009-இல் 1.29 மறுபடி வந்தது. இந்த முறை தரத்துக்காக இல்லை. அதிகம் கேட்கப்படும் பாட்டுகளுக்காக.

பாடகர் நீல் யங் 2014-இல், உயர்தரப் பாட்டுக் கோப்புகளை இயக்கும் போனோ என்ற கையடக்கக் கருவிக்காக மக்களிடமே நிதி திரட்டினார். 62 லட்சம் டாலர் குவிந்தது, கருவி 399 டாலருக்கு வந்தது. அதற்கான பாட்டுக் கடை சில ஆண்டிலேயே மூடியது. உயர்தரக் கோப்புக்கு நிறுவனங்கள் வைத்த கூடுதல் விலையை அவரே பின்னாளில் குறையாகச் சொன்னார். தரம் எதுவானாலும் ஒரே விலை இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஸ்ட்ரீமிங்கில் டைடல் உயர்தரத்துக்கு மாதம் 19.99 டாலர் கேட்டது, சாதாரணத்துக்கு 9.99. அமேசான் 2019-இல் ஐந்து டாலர் கூடுதல் வைத்தது. 2021 மே 17 அன்று ஆப்பிளும் அமேசானும் ஒரே நாளில் அந்தக் கூடுதலைப் பூஜ்யமாக்கின. டைடல் 2024-இல் 10.99-க்கு இறங்கியது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் கூடுதல் கட்டணம் இல்லாமலே கொடுத்தது. இரண்டரைப் பத்தாண்டுகள், எத்தனையோ நிறுவனங்கள், உயர்தரத்துக்கான கூடுதல் விலையில் எல்லாம் வந்து நின்ற எண் பூஜ்யம்தான்.

பழைய ரெக்கார்டு

அப்படியானால் இசைக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆளே இல்லையா? இருக்கிறார்கள். 2022-இல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் தட்டுகளும் 3.3 கோடி சிடிகளும் போயின. 1987-க்குப் பிறகு முதல்முறையாக எண்ணிக்கையில் வினைல் முந்தியது. வினைலின் மதிப்பு 120 கோடி டாலர். ஒரு தட்டுக்குச் சராசரி 29 டாலர். சிடிக்கு 15-ஐக்கூடத் தொடவில்லை. அளந்து பார்த்தால் சிடியைவிட இரைச்சல் கூடுதலான வடிவத்துக்கு இரட்டை விலை. வினைல் வாங்குவோரில் பாதிப் பேரிடம்தான் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது என்று இசை விற்பனைத் தரவு நிறுவனமான லூமினேட்டின் ஆய்வு சொல்கிறது.

மீதிப் பாதிப் பேர் கையில் பிடிப்பது பன்னிரண்டு அங்குல அட்டையை, உள்ளே அச்சான பாடல் வரிகளை, தனக்குப் பிடித்த கலைஞருக்குத் தான் கொடுத்த காசின் அடையாளத்தை. ஒலி அவர்கள் போனிலேயே இருக்கிறது. எஸ்ஏசிடி வாங்கியவருக்குக் கையில் கிடைத்ததோ சிடி மாதிரியே தோன்றும் ஒரு தட்டு, சிடி மாதிரியே ஒரு பெட்டி. கேட்டால் தெரியும் வேறுபாடும் குறைவு, பார்த்தால் தெரியும் வேறுபாடும் குறைவு.

எஸ்ஏசிடி முழுதாக மறையவில்லை. ஸ்வீடனின் பிஸ், இங்கிலாந்தின் சாண்டோஸ் போன்ற செவ்வியல் இசை நிறுவனங்கள் நெடுங்காலம் ஹைப்ரிட் தட்டுகளாகவே ஆல்பங்களை வெளியிட்டு வந்திருக்கின்றன. வாங்குபவர் சிடியாகப் போட்டுக் கேட்கலாம். ஆறு ஸ்பீக்கர் வைத்திருப்பவர், அதே தட்டை எடுத்து, அரங்கின் பின்சுவரில் பட்டுத் திரும்பும் வயலின் ஒலியையும் சேர்த்துக் கேட்கலாம்.